வெள்ளத்தாய் சேலையின் நான்கு நிறங்கள்

வெள்ளத்தாய்க்குச் சேலை பிடிக்கவில்லை என்று கருத்தையா வந்து சொன்னார்.

"இது இல்லேன்னுட்டா மாப்ள."

சோலைராஜ் தன் ஸ்டூலை அவருக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான். ஸ்டுடியோவுக்குள் மழைக்கு முந்திய இருட்டு. கம்ப்யூட்டர் மட்டும் வெளிச்சமாக இருந்தது. கருத்தையா அவனுக்குப் பெண் கொடுக்கப் போகிறவர். வெள்ளத்தாய் அவருடைய தங்கை. அவள் இறந்து பதினெட்டு வருடமாகிறது.

"யார்ட்ட சொன்னாங்க மாமா?"

"ஒங்க அத்தைட்டதான். விடியக்காலம் கனவுல வந்திருக்கா. பெட்டியைத் தொறந்து, சேலையை எடுத்து மடியில வச்சு, செத்த நேரம் தடவிக்கிட்டே இருந்திருக்கா. பொறவு, 'இது இல்ல மதினி'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாளாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"அவ உசுரோட இருக்கும்போதே நெறையப் பேசமாட்டா. எங்க வீட்டுப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் அப்படித்தான். ஒங்க அத்தைய வச்சு எட போடாதீய."

சோலைராஜ் தலையாட்டினான். ஆவணி பாதி போய்விட்டது. ஆவணி கடைசி முகூர்த்தத்தில் அவனுக்கும் கருத்தையாவின் மகள் மாரியாத்தாளுக்கும் கல்யாணம் என்று ஆனியிலேயே பேசியிருந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் கன்னியிடம் கேட்க வேண்டும். கல்யாணமாகாமல் இறந்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னி, அதாவது சாமி. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டு உத்திரத்தில் ஓர் ஓலைப்பெட்டி தொங்கியது. பொங்கலுக்குப் பொங்கல் அதில் வளையலும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கும்பிடுவார்கள். வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் மட்டும் சேலை. அதுவும் எந்தச் சேலையோ அல்ல, அவள் கடைசியாக ஆசைப்பட்டுக் கட்டியது எதுவோ அதேபோல ஒன்று. கன்னி கனவில் வந்து வாங்கிக்கொண்டால் தாலி செய்யக் கொடுக்கலாம்.

வாங்கிக்கொள்ளாவிட்டால்?

அதற்கான பதிலைக் கருத்தையாவின் அக்கா சுடலையம்மாள் நிச்சயத் தாம்பூலத்தின்போதே வெற்றிலையை மடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். "வாங்காட்டி மாப்ள பிடிக்கலைன்னு அர்த்தம்." அவளுக்குக் காளிராஜ் என்று ஒரு மகன் இருந்தான். மில்லில் ஃபிட்டர். மாரிக்கு முறைமாப்பிள்ளை.

வெள்ளத்தாயின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எண்பத்தொன்றில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கலர்ப் படம். தலையை ஒருபக்கம் சாய்த்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவள்போல உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்துத் தாளில் பச்சையும் நீலமும் முதலில் செத்துப்போகும். மிச்சமிருந்ததெல்லாம் ஒரு சிவப்பு மூட்டம். அந்த மூட்டத்துக்குள் அவள் சேலை என்ன நிறம் என்பதைச் சொல்ல முடியாது. அந்தச் சேலையோடேதான் அவளை அடக்கம் செய்தார்கள்.

உண்மையைச் சொன்னால், கருத்தையா கேட்டது கும்பிட வைப்பதற்கு ஒரு பெரிய படம் மட்டும்தான். அன்று அவர்கள் வீட்டில் நிறத்தைப் பற்றிப் பேச்செடுத்தது சோலைராஜ்.

"சேலை என்ன கலர்னு ஞாபகம் இருக்கா மாமா?"

கருத்தையா மனைவி அய்யம்மாளைப் பார்த்தார். அய்யம்மாள் சுவரைப் பார்த்தாள்.

"கலரு... செவப்பா இருக்குமோ?" என்றார் கருத்தையா.

"கவலையே படாதீங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தி நெசமான கலரைக் கொண்டாந்திருவேன். அதைப் பாத்துச் சேலை எடுத்துருவோம். ஆமா, சின்னத்தைக்கு எப்படி..."

"மாப்ள." கருத்தையா கையைக் காட்டி நிறுத்தினார். "சாமியானவளைப் பத்தி நாங்க பேசுறதில்ல. நெறை கொறை எதுவும் வாயில வரக் கூடாது. வந்தா அவளுக்கு ஆகாது. படத்தை மட்டும் போட்டுக் குடுங்க."

மருமகனாகப் போகிறவனின் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று சோலைராஜ் அன்று நினைத்தான். படத்தை ஸ்கேன் செய்து, சிவப்பு மூட்டத்தை விலக்கி, மாலை முழுக்க உட்கார்ந்து சேலையைத் திரையில் மீட்டெடுத்தான். அது ஒரு விநோதமான சிவப்பு. மாதுளை முத்தை வெயிலில் பிடித்ததுபோல. ஆனால் பிரின்ட் எடுத்ததும் தாளில் வந்தது செங்கல். அந்தச் செங்கல் நிறத்தைப் பார்த்துத்தான் முதல் சேலையை எடுத்தார்கள், பளபளவென்ற ஒரு பாலியஸ்டர். அதைத்தான் இப்போது வெள்ளத்தாய் இல்லை என்றுவிட்டாள்.

கருத்தையா போனபின் முதலாளி ஜெய்னுலாப்தீன் வெற்றிலைச் சிவப்போடு உள்ளே வந்தார். மதுரையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு அதை ராஜபாளையத்துக்கு அள்ளிக்கொண்டு வந்தவர் அவர். மானிட்டரில் வெள்ளை நிறம் மஞ்சள் கரைத்த தண்ணீர்போலத் தெரியும். அதைக் குறையென்று அவர் ஒப்புக்கொள்வதில்லை.

"ஏலே சோலை, டிவிக்குள்ள ஒரு கலரு, தாள்ல ஒரு கலரா? எப்படி?"

"தெரியிற கலரையெல்லாம் மையில கொண்டுவர முடியாது முதலாளி. முடியாத கலரு வந்தா என்ன செய்யணும்னு நாமதான் சொல்லணும். அதுக்கு நாலு வழி இருக்கு. இங்க பாருங்க, பிரின்ட் குடுக்குறப்ப கேக்கும்."

"எனக்குப் புரியிறாப்புல சொல்லு."

"ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்னு வைங்க. உள்ள எடமே இல்ல. ஒரு தடியாள் ஏறுதான். அவன்தான் இந்தச் சேலையோட கலரு. மொத வழி, உக்காந்திருக்கவிய எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் ஒதுங்கி அவனுக்கு எடம் விடுறது. சண்டை இருக்காது, ஆனா யாரும் மொதல்ல உக்காந்த எடத்துல இருக்கமாட்டாவ. அது பெர்செப்சுவல். நான் போட்டது அதுதான். ரெண்டாவது, ஒருத்தரும் நகரமாட்டாவ. தடியன் மட்டும் படியில தொங்கிக்கிட்டு வரணும். அது ரிலேட்டிவ்."

"மூணாவது?"

"அது கல்யாண வேன். எவன் எங்க உக்காந்தா என்ன, சத்தம் மட்டும் கொறையக் கூடாது. சாச்சுரேஷன்."

"நாலாவது?"

"அந்த பஸ்ல எப்படி இருந்தாவளோ அப்படியே இந்த பஸ்லயும் இருக்கணும். அந்த பஸ்ஸோட அழுக்குச் சீட்டு மொதக்கொண்டு. அது அப்சல்யூட்."

ஜெய்னுலாப்தீன் யோசித்தார். "இதுல எந்த பஸ்ஸுலே ஊர் போய்ச் சேரும்?"

"தெரியல முதலாளி."

அன்றே சோலைராஜ் ரிலேட்டிவைத் தேர்ந்தெடுத்து இரண்டாவது பிரின்ட் போட்டான். முகமும் தலையிலிருந்த மல்லிகையும் திரையில் இருந்தபடியே இறங்கின. சேலை மட்டும் ஆழமான அரக்கு நிறத்தில் வந்தது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, துணி அப்பினாற்போல இருந்ததுதான் ஒரு குறை. ஆனாலும் செங்கல்லைவிடக் கௌரவமான நிறம்.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். கருத்தையா படத்தை வாங்கி முகத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார். சேலையை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு."

வாசலில் சுடலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். செங்கல் நிறப் பாலியஸ்டரைக் கட்டியிருந்தாள். கன்னி வேண்டாமென்று விட்ட சேலை வீட்டில் பிறந்த மூத்த பெண்ணுக்குப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"எனக்கு நல்லாத்தான் இருக்குல்ல?" என்று அவனைக் கேட்டாள்.

"நல்லா இருக்குங்க."

"ஆமா. வெள்ளத்தாய்க்குத்தான் பிடிக்கல. என்ன செய்ய? அவ மனசுல என்ன இருக்கோ." வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "வேற எதுவும் பிடிக்கலையோ என்னவோ."

இந்த முறை பாலியஸ்டர் வேண்டாம், சாமிக்கு எடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது என்று சோலைராஜே முன்னின்று சொன்னான். அரக்கு நிறத்தில் ஓரம் முழுக்க ஜரிகை ஓடிய ஆர்ட் சில்க் ஒன்று எடுத்தார்கள். நாலாம் நாள் ஸ்டுடியோவுக்கு போன் வந்தது. எஸ்டிடி பூத்திலிருந்து மாரி.

"என்ன கலர் டாக்டரே, சோலியைப் பாக்கீயளா?"

"சொல்லு. சின்னத்தை வந்தாங்களா?"

"வந்துச்சாம். சேலையை எடுத்துக் கன்னத்துல வச்சுப் பாத்துச்சாம். பொறவு மடிச்சுப் பெட்டிக்குள்ளயே வச்சிருச்சாம்."

"மடிச்சு வச்சா வாங்கிக்கிட்டதாத்தான அர்த்தம்?"

"அம்மாவும் அப்படித்தான் நெனச்சிச்சு. பெரியத்தை இல்லேன்னுட்டு. வாங்குனவ கட்டிக்கிட்டுல்ல போவான்னு கேக்கு."

"இப்ப அந்தச் சேலை எங்க?"

"பெரியத்தை கட்டிக்கிட்டுப் போயிட்டு."

ஆவணி முடிந்தது. புரட்டாசியில் அவர்களுக்குக் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் முழுவதும் சோலைராஜ் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டும், கிளை நூலகத்தில் எடுத்த மொழிபெயர்ப்பு நாவல்களைக் கவுன்டருக்கு அடியில் வைத்துப் படித்துக்கொண்டும் இருந்தான். அவற்றில் பெண் கிடைக்காதவர்கள் பனியில் நீளமாக நடந்துபோவார்கள். நடந்து முடிக்கும்போது அவர்களுக்கு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது ஒன்று புரிந்திருக்கும். ராஜபாளையத்தில் பனி இல்லை. சோலைராஜ் பழைய பஸ் ஸ்டாண்டு வரை சகதியில் நடந்துபோய், ஒரு டீ குடித்துவிட்டு, எதுவும் புரியாமல் திரும்பி வந்தான்.

ஐப்பசி பிறந்ததும் மூன்றாவது வழியை எடுத்தான்.

சாச்சுரேஷன் போட்டதும் தாளிலிருந்து சேலை எரிந்தது. அப்படி ஒரு சிவப்பை அந்தப் பிரின்டர் அதற்குமுன் கக்கியதில்லை. மாதுளைக்குக் கிட்டே வந்துவிட்டோம் என்று சோலைராஜ் தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். முகம் கொஞ்சம் ஆரஞ்சாகப் போயிருந்தது. உதட்டில் சாயம் பூசினாற்போல ஒரு மினுக்கம். சேலை சரியாக வந்தால் போதும், முகத்தைத்தான் எல்லோருக்கும் தெரியுமே என்று விட்டுவிட்டான்.

இந்தத் தடவை ராஜபாளையத்திலேயே, தென்காசி ரோட்டிலிருந்த ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குக் கருத்தையாவையும் அய்யம்மாளையும் அவனே கூட்டிக்கொண்டு போனான். தாளை வைத்துப் பார்த்து அதே நெருப்பில் காஞ்சிபுரம் பட்டு எடுத்தார்கள். நிறுத்தினால் தானாக நிற்கும் அளவுக்கு ஜரிகை. தன் தாலிச் செலவுக்கென்று ஒதுக்கியதை அதில் போட்டான். அய்யம்மாள் அந்தச் சேலையைக் கையில் வாங்கியபோது ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன அத்தை? கலர் சரியில்லையா?"

"கலருக்கென்ன," என்றாள் அய்யம்மாள். பிறகு கணவனைப் பார்த்தாள். கருத்தையா தொண்டையைக் கனைத்தார். அவள் அதற்குமேல் பேசவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் நிறையப் பேசமாட்டார்கள் என்று சொன்னது உண்மைதான்போல என்று சோலைராஜ் நினைத்துக்கொண்டான்.

வெள்ளத்தாய் மறுநாளே வந்துவிட்டாள். சேலையில் கை வைத்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாளாம். ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம்.

சோலைராஜ் ஓடினான். அவன் போய்ச் சேரும்போது சுடலையம்மாள் வீட்டு நடுவில் அந்தப் பிரின்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரக்கு ஆர்ட் சில்க் கட்டியிருந்தாள். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"ஏலே கருத்தையா, இங்க பாரு. நம்ம கூடப் பொறந்தவளைக் கூத்துக்காரியா ஆக்கிட்டான். உதட்டுக்குச் சாயம், கன்னத்துக்குச் சாயம். இதைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால வச்சா அவ எப்படி வாங்குவா?"

"அது சாயமில்லைங்க," என்றான் சோலைராஜ். "மூணாவது வழியில போட்டா அப்படித்தான் வரும். கலரைக் கூட்டிக் குடுக்கும்."

"அப்ப தெரிஞ்சேதான் போட்டியா?"

சோலைராஜ் பிரின்ட்டை வாங்கக் கையை நீட்டினான்.

"எத்தனை வழிதான் இருக்கு ஒங்ககிட்ட?" என்று கேட்டார் கருத்தையா. குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு மாமா. கடைசி. இது கொஞ்சங்கூடப் பொய் சொல்லாது. உள்ளதை உள்ளபடி கொண்டுவரும்."

சுடலையம்மாள் போகும்போது காஞ்சிபுரம் பட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது சோலைராஜுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூன்று சேலையும் போய்ச் சேர்ந்தது ஒரே இடம். ஆனால் கனவு காண்பவள் அய்யம்மாள். அய்யம்மாளின் கனவுக்குள் சுடலையம்மாளால் எப்படி ஆள் அனுப்ப முடியும்? வன்னியம்பட்டி விலக்கு தாண்டும்வரை யோசித்தும் அவனுக்கு அது பிடிபடவில்லை.

நாலாவது வழி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மானிட்டரில் எப்படியோ அப்படியே தாளிலும் வந்தது, மானிட்டரின் மஞ்சள் உட்பட. படத்தில் எங்கெல்லாம் வெள்ளை இருந்ததோ அங்கெல்லாம் பழுப்பேறியது. சேலை பழைய ரத்தம்போல ஆனது. சோலைராஜ் சேலையை மட்டும் பார்த்தான். இதுவரை வந்த நாலில் இதுதான் அமைதியான நிறம், ஒருவேளை உண்மையான நிறம் என்று தோன்றியது. கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தான்.

கருத்தையா வழக்கம்போல முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை மேலே தலைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"பூ வாடிப்போயிருக்கே மாப்ள."

சோலைராஜ் எட்டிப் பார்த்தான். வெள்ளத்தாயின் தலையிலிருந்த மல்லிகை மூன்று நாள் பழசாகியிருந்தது.

"வாடல மாமா. அது மானிட்டரு. வெள்ளையை..."

"கன்னி தலையில பூ வாடுனா அந்த வீட்டுல என்ன நடக்கும்னு தெரியுமா ஒங்களுக்கு?"

உள்ளே அய்யம்மாள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கருத்தையா படத்தைக் கவிழ்த்து வைத்தார். வெளியே மலைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்ல," என்றார் கருத்தையா. "நல்ல பையன். கைத்தொழில் இருக்கு. ஆனா அவ வேணாங்கிறாளே. மூணு தடவை சேலையைத் திருப்பிட்டா. நாலாந்தடவை பூவையே வாட வச்சிட்டா. இன்னும் எப்படிச் சொல்லுவா? இந்த மாசக் கடைசி முகூர்த்தம் வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள அவ சரின்னு வாங்கிக்கிட்டா ஒங்களுக்கு. இல்லன்னா தையில காளிராஜுக்குக் குடுத்துருவேன். எங்க அக்காவும் எம்புட்டு நாளைக்குத்தான் கேட்டுக்கிட்டே இருப்பா."

பஸ் நிறுத்தத்துக்கு மாரி வந்திருந்தாள். மில் ஷிப்டு முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு. குடை இருந்தும் விரிக்கவில்லை.

"நாலும் போச்சா?"

"போச்சு."

"அஞ்சாவது இல்லையா?"

"கம்ப்யூட்டர்ல நாலுதான் இருக்கு."

"நாலுதான் இருக்குன்னு என்னைய விட்டுருவீயளா?" அவள் பஞ்சைப் பிய்த்து உதறினாள். "காளிராஜ் அத்தான் நேத்து வந்தாரு. கல்யாணத்துக்குப் பொறவு வாரம் ஒருக்கா என் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் தாரேன்னு சொன்னாரு. அவருக்குத் தெரிஞ்ச ஆசை வார்த்தை அதுதான்."

சோலைராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒனக்குச் சின்னத்தையை ஞாபகம் இல்லையா? அந்தச் சேலையில பாத்திருப்பேல்ல?"

"எனக்கு அப்ப நாலு வயசு. மூஞ்சியே ஞாபகமில்ல. கைதான் ஞாபகமிருக்கு. எங்கிட்டப் பேசுறப்ப என் மூஞ்சியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேதான் பேசும். வேற எதுவும் தெரியாது. வீட்டுல கேட்டா வாயில போடுவாவ."

பஸ் வந்தது. அவன் ஏறியதும் உள்ளே எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

மறுநாள் காலையில் நாலு பிரின்ட்டையும் கவுன்டரில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு அதன்முன் தாடையில் கைகொடுத்து உட்கார்ந்திருந்தான். ஜெய்னுலாப்தீன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"நாலு பேருக்கும் ஒரே மூஞ்சியா இருக்கே."

"ஒரே ஆளுதான் முதலாளி."

"அந்தச் சேலையை எங்க வாங்குனாவன்னு கேட்டியா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது. சாமி."

"எந்தத் தெரு?"

சொன்னான். ஜெய்னுலாப்தீன் நிமிர்ந்தார்.

"அட மடையா. அந்தத் தெரு முழுக்க எங்க மச்சான் முத்து முகம்மதுதான் சைக்கிள்ல மூட்டை கட்டிச் சேலை கொண்டுபோவாரு. அப்ப அங்க ஒரு பொம்பளை கடைக்குப் போய்ச் சேலை எடுத்ததில்ல. இப்ப தேரடிப் பக்கம் சின்னதாக் கடை போட்டு உக்காந்திருக்காரு. அவர்ட்டப் போய்க் கேளு. அவரு வித்ததாத்தான் இருக்கும். கலரை அவரு சொல்லிருவாரு."

சோலைராஜ் நாலையும் பிளாஸ்டிக் உறையில் சுருட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினான். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது.

முத்து முகம்மதுவின் கடையில் கரண்டு இல்லை. மழை இருட்டில் துணிகளெல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தன. பெரியவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். சோலைராஜ் தான் யார், யார் அனுப்பினார்கள், எந்த வீட்டில் பெண் எடுக்கப்போகிறான் என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, நாலு படத்தையும் அவர் முன்னால் விரித்து, சுருளாமலிருக்க மூலைகளில் முழக்கோலையும் கத்தரிக்கோலையும் வைத்தான்.

முத்து முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"வெள்ளத்தாயில்லா இது," என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "கருத்தையா தங்கச்சி. ரெண்டு நாள் காய்ச்சல்ல போயிட்டு. தங்கமான புள்ள தம்பி. நான் தெரு முனையில சைக்கிளைத் திருப்புறப்பவே உள்ள இருந்து 'பாய் வந்தாச்சு'ன்னு சத்தம் குடுக்கும்."

"இந்தச் சேலை நீங்க குடுத்ததுதானா பாய்?"

"எங்கிட்டதான். வேற ஆள்ட்ட அது வாங்காது."

சோலைராஜ் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். "இந்த நாலுல எது பாய் சரியான கலரு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது மொதல்ல போட்டது. இதுல எல்லாக் கலரும் கொஞ்சம் மங்கியிருக்கும். இது ரெண்டாவது, இதுல சேலை மட்டும்தான் மாறியிருக்கும். இதுல முகத்தைப் பாக்காதீங்க, சேலையை மட்டும் பாருங்க. இதுல பூவைப் பாக்காதீங்க."

முத்து முகம்மது எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. அவர் எழுந்துபோய் அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டுத் துழாவினார். பட்டுகளுக்கும் பாலியஸ்டர்களுக்கும் அடியில் கிடந்த ஒரு கட்டை இழுத்தார். தூசி தட்டிப் பிரித்தார். வாயில் என்னும் மெல்லிய பருத்திச் சேலைகள். சன்னமான பழைய ரகம். ஜரிகை இல்லை, கரைகூட இல்லை. கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாத துணி.

"இந்த ரகம்தான். இப்ப யாரும் வாங்குறதில்ல. ஒண்ணு எடுத்துக்கோ."

"என்ன கலர் எடுக்க பாய்?"

"எதையாச்சும் எடு."

"எதையாச்சும்னா எப்படி பாய்? கலர் தப்பாப் போய்த்தான நாலு மாசமா நான் இந்தப் பாடு படுதேன். கல்யாணமே நிக்கப் போவுது. இருட்டா இருந்தா வாசல்ல வச்சுப் பாருங்க. இந்த நாலுல எதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

முத்து முகம்மது கண்ணாடியைக் கழற்றினார். விரித்துக் கிடந்த நாலு படங்களையும் பார்த்தார். பிறகு சோலைராஜைப் பார்த்தார்.

"ஒனக்கு அவிய வீட்டுல யாரும் சொல்லலையா தம்பி? அந்தப் புள்ளைக்குப் பொறந்ததுலேர்ந்தே கண்ணு தெரியாது."